நொய்யல் வண்டலில் தங்கிய உலோகம்

நீரில் கரையும் உப்புக்கும் நீரில் கலக்கும் உலோகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான், நொய்யல் ஆற்றின் அண்மைக்கால வரலாற்றில் தீர்ந்தது எது, தீராமல் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். உப்பு, நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். நல்ல மழை பெய்து வெள்ளம் வந்தால் நீர்த்துக் கீழே இறங்கிவிடும். காட்மியம், ஈயம், குரோமியம், தாமிரம், நிக்கல் போன்ற உலோகங்களோ களிமண் துகளிலும் மக்கிய இலைதழையிலும் ஒட்டிக்கொண்டு ஆற்றின் அடியில் படியும். சாயம் நாளடைவில் வெளுக்கும். அழுக்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உலோகத்தைத் தின்று தீர்க்கும் உயிர் எதுவும் கிடையாது, ஏனென்றால் அது ஒரு தனிமம், அதற்குக் கீழே சிதைவதற்கு எதுவும் இல்லை. வண்டலிலிருந்து வேருக்கும், வேரிலிருந்து இலைக்கும், இலையிலிருந்து ஆட்டுக்கும், கடைசியில் மனித உடலுக்கும் அது இடம் மாறிக்கொண்டிருக்கும். பின்னலாடைத் தொழிலால் உலகம் அறிந்த திருப்பூர் வட்டாரத்தில் உப்பைப் பற்றி நீதிமன்றங்கள் பேசியிருக்கின்றன, அரசுகள் பேசியிருக்கின்றன. உலோகத்தைப் பற்றிய பேச்சு இன்னும் ஆய்வுக்கூடங்களின் வாசலைத் தாண்டவில்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சுமார் 160 கிலோமீட்டர் ஓடி, நொய்யல் என்ற தன் பெயரையே கொண்ட ஊரில் காவிரியோடு சேரும் இந்த ஆற்றுக்குக் காஞ்சிமாநதி என்ற பழம்பெயரும் உண்டு. இதன் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு உருக்கப்பட்டதையும் மணிக்கற்கள் பட்டை தீட்டப்பட்டதையும் காட்டியிருக்கின்றன. ஆகவே உலோகமும் தொழிலும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. புதிதாக வந்தது அளவு மட்டுமே. 1980-களின் நடுவில் பின்னலாடை ஏற்றுமதி வேகமெடுத்தபோது, சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் ஆற்றோரத்திலும் ஓடையோரத்திலும் நூற்றுக்கணக்கில் முளைத்தன. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இன்று இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது என்பதையும், அந்த வருமானத்தில் தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதையும் மறந்துவிட்டு ஆற்றைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது.

பருத்திப் பின்னல்துணிக்குப் பெரும்பாலும் இடப்படுவது, நூலோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் 'ரியாக்டிவ்' வகைச் சாயம். சாயம் நூலில் ஏறுவதற்காகச் சாயத்தொட்டியில் உப்பு கொட்டப்படுகிறது. ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ அளவில்கூட உப்பு செலவாகும். அந்த உப்பு முழுவதும் கழிவுநீராகத்தான் வெளியேறும். துணியில் ஒட்டாத சாயமும் அதோடு சேர்ந்தே போகும். உலோகம் இந்தக் கணக்கில் உப்பைவிட மிகச் சிறிய பங்கு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது பல வாசல்கள் வழியாக நுழைகிறது. மயில்கழுத்து நிறத்துக்கும் பளிச்சென்ற பச்சைக்கும் பயன்படும் சாயங்களின் மூலக்கூறின் நடுவிலேயே தாமிரம் உட்கார்ந்திருக்கிறது. சில கருநீல, பழுப்புச் சாயங்களில் குரோமியமும் கோபால்ட்டும் உண்டு. ஏறிய சாயத்தைக் கழற்றும் சில வேதிப்பொருள்களில் துத்தநாகமும், துத்தநாகத்தோடு இயற்கையிலேயே கூடப்பிறந்த காட்மியமும் வரக்கூடும். திருப்பூருக்கு மேலே, கோயம்புத்தூரின் முலாம்பூசும் பட்டறைகளும் வார்ப்படத் தொழிலும் நகரச் சாக்கடையும் தம் பங்குக்கு நிக்கல், குரோமியம், துத்தநாகம் ஆகியவற்றைச் சேர்த்த பிறகே நொய்யல் இங்கு வந்து சேர்கிறது. எனவே வண்டலில் கிடக்கும் உலோகம் முழுவதையும் சாயப்பட்டறையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

திருப்பூருக்குக் கீழே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களின் பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. மழைவெள்ளத்தைத் தேக்கக் கட்டப்பட்ட அந்த அணை சாயக்கழிவின் தொட்டியாக மாறிவிட்டதால், தண்ணீர் திறக்கச் சொல்லிப் போராடுவதே வழக்கமான தமிழகத்தில், தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகள் கேட்கும் நிலை சில ஆண்டுகளுக்குள்ளேயே வந்தது. அதன் பின் அந்த விவசாயிகள் நடத்திய வழக்கு நெடியது. சூழலியல் இழப்பீட்டு ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கணக்கிட்டு 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆலைகள் வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் விதிக்கப்பட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆலை உரிமையாளர்களின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. 'பூஜ்ஜியக் கழிவு வெளியேற்றம்', அதாவது கழிவுநீரை நுண்ணுயிரால் சுத்திகரித்து, சவ்வுகளின் வழியே வடித்து, மிஞ்சிய உவர்நீரைக் கொதிக்கவைத்து உப்பையும் நீரையும் திரும்ப எடுத்துக்கொள்ளும் முறை, அந்த ஆணைக்குப் பிறகே இங்கு வேரூன்றியது. இன்று திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உலகின் சாயத்தொழில் ஊர்கள் வந்து பார்த்துக் கற்கும் இடங்களாக இருப்பது, அந்த ஆயக்கட்டு விவசாயிகளின் பிடிவாதத்துக்கும் தொழில்துறை செலவழித்த பெரும்பணத்துக்கும் கிடைத்த பலன்.

அந்த வழக்கு முழுவதும் அளவுகோலாக நின்றது டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்களின் எடை. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்பது கழிவுநீருக்கு விதிக்கப்பட்ட உச்ச வரம்பு. கையடக்கக் கருவியை நீரில் நனைத்தால் சில நொடிகளில் எண் தெரிந்துவிடும் என்பதால், விவசாயியும் அதிகாரியும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேச முடிந்தது. வழக்கு வென்றதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். ஆயினும் குடிநீரில் காட்மியத்துக்கு இந்தியத் தர நிறுவனம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.003 மில்லிகிராம், ஈயத்துக்கு 0.01. ஆயிரக்கணக்கில் எண்ணப்படும் டி.டி.எஸ். கணக்கில் இந்த அளவுகள் தூசிக்குச் சமம், கருவி அவற்றைக் காட்டவே காட்டாது. டி.டி.எஸ். இறங்கிவிட்ட நீர் உலோகம் இறங்கிவிட்ட நீராகவும் இருக்கும் என்று எண்ணுவதற்கு அந்த எண் எந்த உறுதியும் தருவதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் தெளியும்போது உலோகத்தின் பெரும்பகுதி கசடோடு அடியில் இறங்குகிறது. அதனால்தான் அந்தக் கசடு சட்டப்படி அபாயகரக் கழிவு வகையைச் சேர்ந்தது. மூட்டைகளில் கட்டி அடுக்கி, சிமெண்ட் ஆலைகளின் சூளைகளுக்கு அனுப்பப்படுகிறது. கூரையில்லாமல் கிடக்கும் கசட்டு மூட்டை ஒரு மழையில் நனைந்தாலே, பிரித்தெடுத்த உலோகம் மறுபடியும் ஓடைக்குத் திரும்பிவிடும். ஆற்றிலும் அணையிலும் 2011-க்கு முன்பே படிந்த வண்டலின் கதை இன்னும் சிக்கலானது. நீருக்கடியில், பிராணவாயு புகாத சேற்றில், உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து இறுகிக் கிடக்கும். அணை வற்றி அந்தச் சேறு வெயிலில் காய்ந்து வெடிக்கும்போது காற்றுப்பட்டு அந்தப் பிணைப்பு தளரும். அடுத்த வெள்ளத்தில் உலோகத்தின் ஒரு பகுதி நீரில் விடுபடும். ஆண்டில் பல மாதங்கள் வறண்டு, சில வாரங்கள் மட்டும் பெருக்கெடுக்கும் நொய்யல் போன்ற ஆற்றில் இந்தக் காய்வும் நனைவும் ஆண்டுதோறும் நடக்கும்.

உப்பு திறந்துவிடும் கதவு

உணவுச் சங்கிலியில் உலோகம் நகரும் விதத்தை விளக்க அறிவியல் இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறது. ஓர் உயிர் தான் கழிப்பதைவிட அதிகமாக உட்கொள்ளும்போது நஞ்சு அதன் உடலில் சேர்ந்துகொண்டே போவது உயிரிக் குவிப்பு. சிறியதைப் பெரியது தின்னத் தின்ன, ஒவ்வொரு படியிலும் நஞ்சின் செறிவு கூடிக்கொண்டே போவது உயிரிப் பெருக்கம். இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. படிக்குப் படி தவறாமல் பெருகுவது மெத்தில் பாதரசம்தான். 1956-ல் வெளிச்சத்துக்கு வந்த ஜப்பானின் மினமாட்டா துயரத்தில், மீன் தின்ற பூனைகளும் மனிதர்களும் நரம்பு சிதைந்து விழுந்ததற்கு அதுவே காரணம். காட்மியமும் ஈயமும் அப்படி ஒழுங்காகப் பெருகுவதில்லை. அவை உடலுக்குள் தமக்கென்று இடம் பிடித்துக்கொள்கின்றன: காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும், ஈயம் எலும்பிலும். ஆகவே எது தின்னப்படுகிறது என்பதோடு, எந்த உறுப்பு தின்னப்படுகிறது என்பதும் இங்கே முக்கியமாகிறது.

பயிர்களில் கீரைவகைகளே காட்மியத்தை அதிகம் ஏற்கின்றன. கிழங்கும் வேரும் அடுத்து வரும். காயிலும் தானியத்திலும் பொதுவாகக் குறைவு, அரிசி இதற்கு ஒரு விலக்கு. ஈயம் மண்ணைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வதால் வேர் வழியே அவ்வளவாக ஏறாது. இலைமேல் படியும் புழுதியாகவும் சேறாகவும்தான் அது பெரும்பாலும் வீட்டுக்குள் வருகிறது. கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் ஈயம் கணிசமாகக் குறையும். இலைக்குள்ளேயே ஏறிவிட்ட காட்மியம் அலசலுக்கும் அசையாது, கொதிக்கும் நீருக்கும் அழியாது.

கொங்குச் சீமையின் செம்மண்ணிலும் கரிசலிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. காரத்தன்மை கொண்ட இத்தகைய மண் உலோகத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பயிருக்கு எளிதில் கொடுக்காது; இது இயற்கை அளித்த ஒரு பாதுகாப்பு. சாயக்கழிவின் உப்பு குலைத்தது இந்தப் பாதுகாப்பைத்தான். சாதாரண உப்பில் உள்ள குளோரைடு, மண்துகளில் ஒட்டியிருக்கும் காட்மியத்தோடு சேர்ந்து நீரில் கரையும் சேர்மங்களை உண்டாக்குகிறது. மண்ணை விட்டு விலகிய காட்மியம் வேரை நோக்கி எளிதாக நகர்கிறது. உவர்நீர் பாய்ந்த உருளைக்கிழங்கு வயல்களில், மண்ணில் காட்மியம் அதிகமில்லாதபோதும் கிழங்கில் அது கூடியிருப்பதை ஆஸ்திரேலிய மண்ணியலாளர்கள் 1990-களில் கண்டறிந்தபோதுதான் இந்த உறவு தெளிவாயிற்று. உப்பும் உலோகமும் இருவேறு சிக்கல்கள் என்று எண்ணி, முதலாவது தீர்ந்தால் இரண்டாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் இதுவே: உவர்த்துப்போன கிணற்று நீர் பாயும் வயலில், மண்ணில் உள்ள காட்மியம் மிகக் குறைவாக இருந்தாலும் அதன் பெரும்பங்கு பயிருக்குப் போகக்கூடும். நொய்யல் படுகையில் ஆற்றுநீர் தெளிந்த பிறகும் நிலத்தடி நீரின் உவர்ப்பு பல கிராமங்களில் அவ்வளவு விரைவாகத் தெளியவில்லை என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

காங்கேயம் மாடுகளும் செம்மறி, வெள்ளாடுகளும் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லையும் சோளத்தட்டையும் தின்று வளரும் நாடு இது. மேயும் கால்நடை புல்லோடு மண்ணையும் சேர்த்தே விழுங்கும் என்பதால், மாசுபட்ட கரையில் மேயும் ஆடு வேருக்குள் ஏறாத உலோகத்தையும் வயிற்றுக்குள் கொண்டுபோகிறது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: காட்மியம் பாலில் மிகக் குறைவாகவே இறங்குகிறது, பசுவின் உடல் அதை ஈரலிலும் சிறுநீரகத்திலும் நிறுத்திவைத்து ஒருவகை வடிகட்டியாக வேலை செய்கிறது. ஆனால் அதே காரணத்தால், வயதான ஆட்டின் ஈரலையும் சிறுநீரகத்தையும் இரத்தம் ஊறும் என்று குழந்தைக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் தேடி வாங்கிக் கொடுக்கும் வழக்கம், மாசுபட்ட கரையில் மேய்ந்த ஆடாக இருந்தால், நன்மையோடு தீமையையும் தட்டில் வைத்துவிடுகிறது. தாமிரத்தைப் பொறுத்தவரை செம்மறிக்கு மற்ற கால்நடைகளைவிடத் தாங்கும் திறன் குறைவு; மற்றவை தாங்கும் அளவே அதன் ஈரலைக் கெடுத்துவிடும். மீனிலும் செவுள், குடல், ஈரல் ஆகியவற்றில் சேரும் அளவுக்குத் தசையில் காட்மியமும் ஈயமும் சேர்வதில்லை. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் ஜிலேபிக் கெண்டையைச் செவுளும் குடலும் நீக்கிச் சமைப்பதற்கும், சின்ன மீன்களை முழுசாகப் பொரித்துத் தின்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருப்பது இதனால்தான்.

எலும்பில் எழுதப்படும் கணக்கு

காட்மியம் உடலுக்குள் புகுந்தபின் அதில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். சிறுநீரகத்தின் நுண்குழல்களில் மெல்ல மெல்லச் சேர்ந்து அவற்றைச் சிதைத்த பிறகு, உடல் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சிறுநீரோடு ஒழுகத் தொடங்குகின்றன, எலும்பு மெலிகிறது. இதன் உச்சநிலையை ஜப்பானின் தொயாமா மாநிலத்து ஜின்சூ ஆற்றங்கரை கண்டது. மேலே இருந்த கமியோக்கா சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்து, நெல்வயலில் படிந்து, அரிசி வழியே வந்த காட்மியத்தால், குறிப்பாகப் பல பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்கள், இருமினாலே விலா எலும்பு முறியும் நிலைக்கு ஆளாயினர். வலியால் அவர்கள் எழுப்பிய ஓலமே 'இதாய் இதாய்' என்று நோய்க்குப் பெயராயிற்று. 1968-ல்தான் ஜப்பான் அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றது. நொய்யல் கரையின் அளவுகள் அந்தச் சுரங்கக் கழிவோடு ஒப்பிடத்தக்கவை அல்ல. ஆனால் அந்த உச்சத்துக்கு மிகக் கீழேயே, வலியோ அறிகுறியோ இல்லாமல், சிறுநீரகம் தேயத் தொடங்கிவிடுகிறது என்பது அதற்குப் பின் வந்த ஆய்வுகள் உணர்த்திய பாடம்.

ஈயத்தின் வழி இன்னும் நுட்பமானது. உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி எலும்பில் சேமித்துவைக்கிறது. பல ஆண்டுகள் அங்கே உறங்கும் ஈயம், கருவுற்ற காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும், பிள்ளைக்காக எலும்பு கரையும்போது இரத்தத்துக்குத் திரும்பி, நஞ்சுக்கொடியைத் தாண்டி அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. விழுங்கும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏற்பது பத்தில் ஒரு பங்கு என்றால், சிறு குழந்தையின் உடல் ஏறத்தாழப் பாதியை ஏற்கும். வளரும் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு; வாரத்துக்கு இவ்வளவு உட்கொள்ளலாம் என்று முன்பு வகுத்திருந்த வரம்பை உலக நிபுணர் குழு 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

திருப்பூருக்கே உரிய கவலை இங்கேதான் எழுகிறது. குடலில் இரும்பை உள்ளிழுக்கும் அதே வாயில்கள் காட்மியத்தையும் ஈயத்தையும் உள்ளே விடுகின்றன. உடலில் இரும்பு குறையும்போது குடல் அந்த வாயில்களைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே இரத்தசோகை உள்ள பெண், அதே சோற்றையும் அதே கீரையையும் தின்றாலும், பக்கத்தில் உட்கார்ந்து தின்னும் ஆணைவிட அதிகக் காட்மியத்தை உடலில் ஏற்றிக்கொள்கிறாள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். பனியன் கம்பெனிகளின் தையல், செக்கிங், பேக்கிங் வேலைகளைத் தூக்கி நிறுத்துவோர் பெரும்பாலும் இந்த வயதுப் பெண்களே. ஷிப்மெண்ட் நெருங்கும் நாள்களில் டீயும் பன்னும் மதிய உணவாகிப்போகும் வாழ்க்கை அவர்களுடையது. நச்சு உலோகத்தின் அனுமதி அளவுகள் பெரும்பாலும் நன்கு உண்ட சராசரி மனித உடலை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்பதால், இந்தப் பெண்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சத்துக்குறைவையும் மாசையும் இரண்டு துறைகளின் இரண்டு கோப்புகளாக வைத்திருப்பது ஒரு நிர்வாகப் பிழை; அதன் விலையை அவர்கள் உடல்தான் கொடுக்கிறது.

உலோகத்தை அளக்கும் வசதி இந்த ஊருக்குப் புதியது அன்று. ஐரோப்பியக் கடைக்குப் போகும் குழந்தைச் சட்டையில் காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல், பாதரசம் உள்ளிட்டவை எவ்வளவு கசிகின்றன என்று சோதித்துச் சான்று பெறுவது ஏற்றுமதியாளர்களின் வழக்கமான வேலை. 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' சான்றின்படி, ஒரு கிலோ துணியிலிருந்து கசியும் காட்மியம் 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அந்தச் சான்றுமுறை அறிமுகமான ஆண்டும், ஒரத்துப்பாளையம் அணை பயன்பாட்டுக்கு வந்த ஆண்டும் ஒன்றே. வாங்குபவர் கேட்டதால் துணிக்கு இந்த அக்கறை கிடைத்தது. அதே படுகையில் விளையும் கீரைக்கு அனைத்துலக உணவுத் தரக் குறியீடு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் காட்மியம், 0.3 மில்லிகிராம் ஈயம் என்று வரம்பு வகுத்திருந்தும், அதைக் கட்டுக்கட்டாக வாங்கும் தொழிலாளர் குடும்பம் சான்று கேட்கும் இடத்தில் இல்லை. கருவிகளும் ஆட்களும் ஊரிலேயே இருக்கும்போது, சட்டைக்குச் செய்வதைச் சாப்பாட்டுக்கும் செய்யச் சொல்வது பெரிய கோரிக்கை ஆகாது.

செய்யக்கூடியவை வேறும் உண்டு. உவர்நீர்க் கிணறுள்ள வயல்களில் கீரைக்குப் பதிலாகத் தென்னை, பருத்தி, மரப்பயிர் என மாற்றுவதும், மண்ணில் தொழுவுரத்தைக் கூட்டுவதும் உலோகம் தட்டுக்கு வருவதைக் குறைக்கும். திருப்பூரின் விளிம்பில், 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற நஞ்சராயன் குளத்தில், மீன் தின்னும் நாரைகளும் கொக்குகளும் உதிர்க்கும் இறகுகளைச் சேகரித்து ஆராய்ந்தாலே அந்த நீரின் நிலை தெரிந்துவிடும். ஒரு பறவையையும் பிடிக்க வேண்டியதில்லை.

ஜின்சூ கரையில் மாசுபட்ட வயல்மண்ணை அகற்றிப் புதுமண் நிரப்பும் வேலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து 2012-ல் முடிந்தது. அதைவிட முக்கியமானது, சுரங்க நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் வென்ற கிராமத்தார் 1972-ல் அந்த நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம்: ஆண்டுதோறும் தாங்கள் நம்பும் அறிஞர்களை அழைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழைந்து சோதிக்கும் உரிமை, சோதனைச் செலவு நிறுவனத்துடையது. ஆற்றின் காட்மியம் இயற்கை அளவை ஒட்டி இறங்கியதற்கு அந்தச் சோதனைகளே பெரிதும் காரணம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளும் வழக்கில் வென்றவர்கள்தாம். ஒரத்துப்பாளையம் அணையில் வெள்ளம் வரும்போதெல்லாம் நீரின் டி.டி.எஸ். அளந்து பார்க்கப்படுகிறது; அந்த நீர் போய்ச் சேரும் வயலின் கீரையையும், அங்கே மேயும் ஆட்டின் ஈரலையும், அந்த வீட்டுக் குழந்தையின் ஒரு துளி இரத்தத்தையும் சேர்த்துச் சோதித்து, ஊர்வாரியாக எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் ஏற்பாட்டை அந்த அணையடியிலிருந்தே தொடங்கலாம்.